ஒவ்வாமை உள்ள வீட்டில் தரைவிரிப்புகள்: தேர்வு முதல் பராமரிப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒருவருக்குத் தூசி ஒவ்வாமை இருப்பதாகத் தெரிந்ததும் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, தரையில் கிடக்கும் விரிப்புகளை எல்லாம் அப்புறப்படுத்துங்கள் என்பதுதான். சுவருக்குச் சுவர் ஒட்டப்பட்ட கம்பளத்தைப் பொறுத்தவரை இந்த அறிவுரை முற்றிலும் சரி; அதன் அடிப்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை, உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லை, பல ஆண்டுத் தூசி அங்கேயே தங்கிவிடுகிறது. தனியாக விரிக்கப்படும் விரிப்புக்கு இதே தீர்ப்பை வழங்குவது சரியன்று. அதைத் தூக்கலாம், புரட்டலாம், வெளியே கொண்டுபோய்த் தட்டலாம், கழுவி உலர்த்தலாம்.

எனவே ஒரு விரிப்பை வாங்கும் முன் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களே அதைத் தூக்க முடியுமா? அடிப்பக்கத்தைப் புரட்டிச் சுத்தம் செய்ய முடியுமா? அதைக் கழுவ முடியுமா? கழுவினால் ஒரு நாளைக்குள் முழுவதும் உலர்ந்துவிடுமா? இவை நான்கிற்கும் ஆம் என்று பதில் கிடைத்த விரிப்புகளுக்குள் அழகானதைத் தேர்ந்தெடுப்பதே என் பரிந்துரை. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நிறத்தைப் பார்த்து வாங்கிவிட்டு, எப்படிச் சுத்தம் செய்வது என்று பிறகு யோசிக்கிறார்கள்.

முதல் படி: எதனால் ஒவ்வாமை என்பதை அறிதல்

தூசி என்று நாம் பொதுவாகச் சொல்வது பல பொருள்களின் கலவை. உதிர்ந்த தோல் செதில், துணி இழை, மண், மகரந்தம், பூஞ்சை வித்து, வளர்ப்பு விலங்குகளின் உரோமம், கரப்பான்பூச்சியின் கழிவு ஆகிய அனைத்தும் அதில் இருக்கலாம். இவற்றுள் எது தொல்லை தருகிறது என்பதைப் பொறுத்துச் செய்ய வேண்டிய வேலை மாறுகிறது. ஆகவே தும்மலும் மூக்கடைப்பும் இழைப்பும் தொடருமானால் மருத்துவரிடம் சென்று, தோல் குத்துச் சோதனையோ இரத்தப் பரிசோதனையோ செய்து, காரணத்தை உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டைச் சுத்தப்படுத்திவிட்டோம் என்ற நம்பிக்கையில் மருந்தைத் தாமாகவே குறைக்கக் கூடாது.

வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு மிகப் பொதுவான காரணம் தூசிப்பூச்சி. 1960-களில் நெதர்லாந்தின் லைடன் நகரில் நடந்த ஆய்வுகளே இந்தத் தொடர்பைத் தெளிவாக நிறுவின. ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் நீளமுள்ள இந்த உயிரி நம் தோல் செதில்களைத் தின்று வாழ்கிறது. அது கடிப்பதில்லை, அதன் கழிவுத் துகள்களில் உள்ள புரதமே ஒவ்வாமையைத் தூண்டுகிறது. ஒரு பூச்சி ஒரு நாளைக்கு 20 துகள்கள் வரை வெளியேற்றும். பூச்சி இறந்த பிறகும் அந்தப் புரதம் அப்படியே இருக்கும் என்பதால், பூச்சியைக் கொல்லும் தெளிப்பான்களை மட்டும் நம்புவது வீண். கொன்றாலும் அகற்றியாக வேண்டும்.

இங்கே இன்னொரு வேறுபாட்டையும் மனத்தில் கொள்ள வேண்டும். தூசிப்பூச்சியின் கழிவுத் துகள்கள் கனமானவை. கிளறப்பட்டால் மேலே எழும்பி, அரை மணி நேரத்திற்குள் பெரும்பாலும் கீழே படிந்துவிடும். பூனையின் ஒவ்வாமைப் புரதமோ மிக நுண்ணிய துகள்களிலும் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் காற்றிலேயே மிதக்கும். பூனையை வேறு வீட்டுக்கு அனுப்பிய பின்னும் மாதக்கணக்கில் விரிப்பிலும் மெத்தை இருக்கைகளிலும் நீடிக்கும். காற்றுச் சுத்திகரிப்பான் பூனை ஒவ்வாமை உள்ள வீட்டில் ஓரளவு உதவுவதும், தூசிப்பூச்சி ஒவ்வாமை உள்ள வீட்டில் அவ்வளவாக உதவாமல் போவதும் இதனால்தான். படிந்து கிடப்பதைக் காற்று வடிகட்டியால் எடுக்க முடியாது.

இரண்டாம் படி: ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைத்தல்

தூசிப்பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றில் உள்ள ஈரத்தை உடல் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்திற்குக் கீழே தொடர்ந்து இருந்தால் அது நாளடைவில் உலர்ந்து மடியும். ஒவ்வொரு நாளும் சில மணி நேரம் மட்டும் ஈரப்பதம் உயர்ந்தாலும் அது பிழைத்துக்கொள்ளும் என்பதால், இடைவிடாத கட்டுப்பாடே பயன் தரும். ஈரப்பதமானி என்ற சிறு கருவியை அறையில் வைத்துக் காலையிலும் இரவிலும் பார்த்துவந்தால் ஒரு வாரத்தில் அந்த அறையின் போக்கு விளங்கிவிடும்.

குளியலறையிலும் சமையலறையிலும் காற்று வெளியேற்றும் விசிறியைப் பயன்படுத்துதல், ஈரத் துணிகளை அறைக்குள் காயவைக்காதிருத்தல், சுவரிலோ குழாயிலோ கசிவு இருந்தால் உடனே சரிசெய்தல், தேவைப்பட்டால் ஈரநீக்கும் கருவி அல்லது குளிர்சாதனத்தை இயக்குதல் ஆகியவை எல்லாம் பயனளிக்கும். ஈரப்பதம் இயல்பாகவே மிகுந்த தட்பவெப்பத்தில் 50 சதவீதத்திற்குக் கீழே கொண்டுவருவது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தகைய வீடுகளில் தடிப்பான கம்பளத்தைத் தவிர்த்து, அடிக்கடி துவைக்கத்தக்க மெல்லிய விரிப்பை மட்டும் பயன்படுத்துவதே அறிவுடைமை.

மூன்றாம் படி: விரிப்புக்கு முன் படுக்கை

விரிப்பைப் பற்றிய வழிகாட்டியில் படுக்கையைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இரவு முழுவதும் நம் முகம் பதிந்திருப்பது தலையணையில். தோல் செதிலும் வியர்வையும் மூச்சின் ஈரமும் ஒன்றுசேரும் இடமும் அதுவே. படுக்கையைக் கவனிக்காமல் விரிப்புகளை மட்டும் அகற்றிய வீட்டில் ஒவ்வாமை குறையாமல் போவதில் வியப்பில்லை. மெத்தைக்கும் தலையணைக்கும் பூச்சி நுழைய முடியாத நெருக்கமான நெசவுள்ள, ஜிப் வைத்த உறையைப் போட்டு, படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைக்க வேண்டும். குளிர்ந்த நீரில் துவைத்தால் ஒவ்வாமைப் புரதத்தின் பெரும்பகுதி கரைந்து போகும். ஆனால் பூச்சிகள் பலவும் தப்பிவிடும்.

நான்காம் படி: எந்த விரிப்பு?

ஒவ்வாமையைப் பொறுத்தவரை இழையின் வகையைவிட விரிப்பின் அமைப்பே முதலில் பார்க்க வேண்டியது. மேலே எழுந்து நிற்கும் இழைகள் எவ்வளவு நீளமோ, அவ்வளவு ஆழத்திற்குத் தூசி இறங்கும். அவ்வளவு கடினமாகும் அதை வெளியே எடுப்பது. விரல் புதையும் அளவுக்கு நீண்ட இழைகள் கொண்ட விரிப்பு பார்ப்பதற்கு எவ்வளவு மென்மையாக இருந்தாலும் ஒவ்வாமை உள்ள வீட்டிற்கு உகந்ததன்று. பாவும் ஊடையும் மட்டுமே கொண்டு தட்டையாக நெய்யப்பட்ட ஜமக்காளம், கிலிம் போன்றவற்றில் தூசி மேற்பரப்பிலேயே தங்குவதால் எளிதில் உதிர்ந்துவிடும். இவற்றை இருபுறமும் மாற்றிப் போட்டுப் பயன்படுத்தலாம் என்பது கூடுதல் வசதி.

பருத்தி விரிப்பு என் முதல் தேர்வு. சிறிய அளவில் வாங்கினால் துவைக்கும் இயந்திரத்திலேயே போடலாம், வெந்நீரைத் தாங்கும். சாயம் இறங்கலாம், சற்றே சுருங்கலாம் என்பதால் துவைப்புக் குறிப்பைப் படித்துவிட்டே வாங்க வேண்டும். அதன் குறை, எடை குறைவாக இருப்பதால் தரையில் நகரும், சுருளும்.

கம்பளி விரிப்பைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. கம்பளி என்றாலே ஒவ்வாமை என்பது ஒன்று. தூசிப்பூச்சி தின்பது நம் தோல் செதிலை. ஆட்டின் உரோமத்தை அன்று. எனவே கம்பளியால் ஆனது என்பதற்காக ஒரு விரிப்பில் பூச்சி பெருகிவிடாது. கம்பளி இயற்கையானது என்பதால் எந்தத் தொல்லையும் தராது என்பது மற்றொன்று. புதுக் கம்பளி விரிப்பு முதல் சில மாதங்கள் இழைகளை உதிர்க்கும். அவை மூக்கையும் தோலையும் உறுத்தக்கூடும். மேலும் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை வெளியே தெரியாமல் உள்வாங்கும் இயல்புடையது. ஈரமான அறையில் இது பாதகம். உலர்ந்த, காற்றோட்டமான அறையில் குட்டையான இழைகள் கொண்ட கம்பளி விரிப்பு பல பத்தாண்டுகள் அழகு குன்றாமல் உழைக்கும்.

பாலிப்ராப்பிலீன், பாலியெஸ்டர், நைலான் ஆகிய செயற்கை இழைகள் ஈரத்தை மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால் விரைவில் உலரும். பூஞ்சையும் எளிதில் பற்றாது. பாலிப்ராப்பிலீனில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொள்வதும், சில ஆண்டுகளில் இழைகள் படிந்து தட்டையாகிவிடுவதும் குறைகள். சணல் விரிப்பு பார்வைக்கு எளிமையும் அழகும் கொண்டது. ஆனால் நனைந்தால் பழுப்புக் கறை படரும், ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். கழுவவே முடியாத ஒன்றை ஒவ்வாமை உள்ள வீட்டிற்கு நான் பரிந்துரைப்பதில்லை. செயற்கைப் பட்டு, மூங்கில் பட்டு என்ற பெயர்களில் விற்கப்படும் விஸ்கோஸ் விரிப்பும் அப்படியே. நனைந்த விஸ்கோஸ் இழை வலுவிழந்துவிடும். ஒரு குவளைத் தண்ணீர் கொட்டினால்கூடத் தடம் நிற்கும்.

கடையில் விரிப்பைப் புரட்டிப் பார்க்கத் தயங்க வேண்டாம். கையால் முடிச்சிட்டு நெய்த விரிப்பின் பின்புறத்தில் முன்புறத்து வடிவமே முடிச்சு முடிச்சாகத் தெரியும். பின்புறம் ஒரு துணி ஒட்டப்பட்டிருந்தால், இழைகள் பசையால் பிடிக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். அந்தப் பசை ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்து பொடியாக உதிரும். கழுவினால் உலர நெடுநேரம் ஆவதோடு வாடையும் வரும். விலை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாங்கிய பின், புது விரிப்பின் வேதிவாசனை அடங்கும் வரை, குறைந்தது 2 அல்லது 3 நாள்களுக்கு, காற்றோட்டமான இடத்தில் விரித்து வைத்துவிட்டுப் பிறகு அறைக்குள் கொண்டுவருவது நலம்.

ஐந்தாம் படி: எங்கே விரிப்பது, எப்படி விரிப்பது

அறையின் அழகைக் கெடுப்பவற்றுள் முதன்மையானது சிறிதாக வாங்கப்பட்ட விரிப்பு. நடுக்கூடத்தில் சோபா ஒருபுறமும் நாற்காலிகள் மறுபுறமும் ஒதுங்கி நிற்க, இடையில் சிறு விரிப்பு ஒன்று தனித்துக் கிடந்தால் அறை சிதறியதாகத் தோன்றும். இருக்கைகளின் முன் கால்களாவது விரிப்பின் மேல் வருமாறு அளவெடுத்து வாங்கினால் அவை அனைத்தும் ஒரே தொகுதியாகக் கண்ணுக்குத் தெரியும். சுவரை ஒட்டி 20 முதல் 45 சென்டிமீட்டர் வரை தரை வெறுமையாகத் தெரிய வேண்டும். அறை பெரிதாகத் தோன்றுவதோடு, தூசி அதிகம் சேரும் ஓரங்களைத் துடைப்பதும் எளிதாகும். விரிப்பு வாங்கும் முன் அந்த அளவுக்குத் தரையில் பழைய செய்தித்தாளைப் பரப்பிப் பார்த்தால் பொருத்தம் விளங்கிவிடும்.

படுக்கையறையில் ஒவ்வாமை உள்ளவர் உறங்குவதானால், கட்டிலுக்கு அடியில் செல்லும் பெரிய விரிப்பைத் தவிர்க்க வேண்டும். கட்டிலை நகர்த்தாமல் அதைத் தூக்க முடியாது. தூக்க முடியாததை நாம் சுத்தம் செய்யப்போவதும் இல்லை. காலையில் கால் வைக்கும் இடத்தில், கட்டிலின் இருபுறமும் துவைக்கத்தக்க நீள்விரிப்புகளைப் போட்டால் அதே அழகும் கிடைக்கும், அறையும் சுத்தமாக இருக்கும். உணவு மேசைக்கு அடியில் விரிப்பு வேண்டாம் என்றே சொல்வேன். சிந்தும் துணுக்குகள் எறும்பையும் கரப்பானையும் வரவழைக்கும். அங்கே போட்டே ஆக வேண்டும் என்றால் தட்டையான நெசவுள்ளதாகவும், நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தாலும் அதன் கால்கள் விரிப்பைவிட்டு இறங்காதவாறு மேசை விளிம்பிலிருந்து 60 சென்டிமீட்டராவது நீண்டிருப்பதாகவும் இருக்கட்டும். குளியலறை வாயிலில் போடும் மிதியடி வாரம் இருமுறையாவது துவைக்கப்பட வேண்டும்.

நிறத்தைப் பொறுத்தவரை, மிக வெளிறிய நிறமும் மிகக் கருத்த நிறமும் இரண்டுமே சிறு துகளையும் காட்டிக்கொடுக்கும். பல நிறங்கள் கலந்த, சிறிய வடிவங்கள் நிறைந்த விரிப்பு அன்றாடப் புழக்கத்தைத் தாங்கும். சுவரும் திரைச்சீலையும் ஒரே நிறமாக இருந்தால் விரிப்பில் வடிவம் இருக்கட்டும். அவற்றில் ஏற்கெனவே பூவும் கோடும் நிறைந்திருந்தால் விரிப்பு அமைதியாக இருக்கட்டும்.

ஒவ்வொரு விரிப்பின் கீழும் வழுக்காத அடிவிரிப்பு ஒன்று இருப்பது அவசியம். முதியோரும் குழந்தைகளும் தடுக்கி விழாமல் அது காக்கும்; விரிப்புக்கும் தரைக்கும் இடையில் சிறிது காற்று புகவும் இடம் தரும். வலைபோல் துளைகள் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வினைல் தரையின் மேல் ரப்பர் அடிவிரிப்பு மஞ்சள் கறையை உண்டாக்கலாம் என்பதால் அங்கே வேறு வகையைப் பயன்படுத்த வேண்டும்.

ஆறாம் படி: வாரந்தோறும் செய்ய வேண்டிய சுத்தம்

தூசி வீட்டுக்குள் வருவதைத் தடுப்பது, வந்த பின் அகற்றுவதைவிட எளிது. வாயிலுக்கு வெளியே சொரசொரப்பான மிதியடி ஒன்று, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் மிதியடி ஒன்று, செருப்பை வெளியே விடும் வழக்கம்: இவையே மண்ணையும் மகரந்தத்தையும் பெருமளவு நிறுத்திவிடும்.

சுத்தம் செய்யும்போது மேலிருந்து கீழே வர வேண்டும். விசிறி, அலமாரி, சாளர விளிம்பு ஆகியவற்றை ஈரமாக்கிப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டு, இறுதியாகத் தரைக்கும் விரிப்புக்கும் வர வேண்டும். உலர்ந்த துணியால் தட்டினால் தூசி இடம் மாறுமே தவிர வெளியேறாது. விரிப்பைத் துடைப்பத்தால் அறைக்குள் பெருக்குவதும் அப்படித்தான்.

வாக்யூம் கிளீனரில் ஹெப்பா வடிகட்டி இருக்க வேண்டும். உண்மையான ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். வடிகட்டி மட்டும் நன்றாக இருந்து, கருவியின் உடலில் காற்றுக் கசிவு இருந்தால் நுண்துகள்கள் அதன் வழியே அறைக்குள் திரும்பிவிடும். ஆகவே முழுவதும் அடைப்புச் செய்யப்பட்ட கருவியையே வாங்க வேண்டும். வாரத்திற்கு ஒருமுறையாவது, வளர்ப்பு விலங்குகள் உள்ள வீட்டில் இருமுறையாவது, ஒவ்வொரு பகுதியிலும் மெதுவாகவும் முதலில் நீளவாக்கிலும் பின் குறுக்குவாக்கிலும் உறிஞ்ச வேண்டும். அவசரமாக இழுப்பதால் மேலே உள்ளது மட்டுமே வரும். சுழலும் தூரிகை குட்டை இழை விரிப்புக்கு நல்லது. நீண்ட இழைக்கும், வளைய இழைக்கும், ஓரத்துக் குஞ்சத்திற்கும் அதை நிறுத்திவிட வேண்டும்.

பலரும் விட்டுவிடும் வேலை ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை விரிப்பைக் குப்புறப் போட்டு அதன் அடிப்பக்கத்தை உறிஞ்ச வேண்டும். அப்போது ஏற்படும் அதிர்வில் இழைகளின் அடியில் புதைந்த மணல் கீழே உதிரும். விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் தரையில் மெல்லிய மண்படலம் கிடக்கும். அதைத் துடைத்துவிட்டு முன்புறத்தை இன்னொரு முறை உறிஞ்ச வேண்டும். இந்த மணலே மிதிபடும்போதெல்லாம் இழைகளை அடியில் அறுப்பது. விரிப்பின் ஆயுளும் வீட்டாரின் மூச்சும் ஒரே வேலையால் காக்கப்படுகின்றன. வெளியிடம் இருந்தால், உலர்ந்த நாளில் கொடியில் போட்டுத் தட்டுவது இன்றும் சிறந்த முறை. தட்டுபவர் முகக்கவசம் அணிந்திருக்க வேண்டும்.

ஒவ்வாமை உள்ளவர் இந்த வேலைகளைச் செய்யாமல் வேறு எவரேனும் செய்வது நல்லது. இயலாவிட்டால் என்95 முகக்கவசம் அணிந்து செய்து, முடிந்ததும் அரை மணி நேரமாவது அந்த அறையைவிட்டு விலகியிருக்க வேண்டும். வாசனைப் பொடிகளையும் நறுமணத் தெளிப்பான்களையும் விரிப்பின் மேல் தூவ வேண்டாம். அவை எந்த ஒவ்வாமைப் பொருளையும் அகற்றுவதில்லை. உணர்திறன் மிக்க மூச்சுக்குழாயைத் தூண்டவே செய்யும்.

ஏழாம் படி: சிந்தினால்

உடனே ஒரு வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்; தேய்க்கக் கூடாது. கறையின் வெளி விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்ற வேண்டும். பால், முட்டை, இரத்தம் ஆகிய புரதக் கறைகளுக்குக் குளிர்ந்த நீரே ஏற்றது. வெந்நீர் அவற்றை இழையோடு இறுக்கிவிடும். கம்பளிக்குக் காரமில்லாத மென்மையான சோப்புக் கரைசல் மட்டும் போதும். குளோரின் வெளுப்பான் கம்பளியைக் கரைத்துவிடும். புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் சேர்ந்த சலவைத்தூளும் கம்பளியை அரிக்கும், ஏனெனில் கம்பளியும் ஒரு புரதமே. வளர்ப்பு விலங்கின் சிறுநீர் காலதாமதத்தால் காரத்தன்மை அடைந்து சாயத்தையே மாற்றிவிடும் என்பதால் அதை அன்றே கழுவ வேண்டும்.

எட்டாம் படி: கழுவுதலும் உலர்த்துதலும்

முதலில் சாயத்தைச் சோதிக்க வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியை விரிப்பின் ஒரு மூலையில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். நிறம் ஏறினால் வீட்டில் கழுவாமல் கம்பளம் கழுவுவதில் தேர்ந்தவரிடம் கொடுப்பதே பாதுகாப்பானது. நிறம் ஏறாவிட்டால், மணலை முழுவதும் உதிர்த்த பிறகு, குளிர்ந்த நீரும் மென்சோப்பும் கொண்டு இழைகள் சாய்ந்திருக்கும் திசையில் தேய்த்து, நுரை அறவே போகும்வரை அலச வேண்டும். சோப்பு தங்கினால் அது பிசுபிசுத்து மேலும் அழுக்கை இழுக்கும்.

உலர்த்துவதே இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான பகுதி என்று கருதுகிறேன். 24 முதல் 48 மணி நேரத்திற்கு மேல் ஈரமாக இருக்கும் எந்தத் துணியிலும் பூஞ்சை வேர்கொள்ளத் தொடங்கும். விரிப்பைத் தரையில் போட்டு உலர்த்தினால் மேற்பகுதி காய்ந்த பின்னும் அடிப்பகுதி ஈரமாகவே இருக்கும். கம்பிகளின் மேலோ கட்டைகளின் மேலோ உயர்த்தி வைத்து, இருபுறமும் காற்று செல்லுமாறு விசிறியை இயக்கி, இடையில் ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். வெயில் ஈரத்தை விரைவில் போக்கும், பூச்சியையும் ஒடுக்கும். சாயம் வெளுக்காதிருக்க முன்புறம் கீழே இருக்கட்டும். மழையோ மேகமூட்டமோ உள்ள நாளில் கழுவுவதைத் தள்ளிப்போடுவது சரியான முடிவு. நீராவிக் கருவி தூசிப்பூச்சியைக் கொல்லும் என்றாலும் அது விட்டுச்செல்லும் ஈரத்திற்கும் இதே விதிதான்.

வெந்நீரில் துவைக்க முடியாத சிறு விரிப்பை உறையில் கட்டி, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரத்திற்குக் குறையாமல் வைத்தால் பூச்சிகள் மடியும். பிறகு உறிஞ்சியோ அலசியோ அவற்றின் எச்சத்தை நீக்க வேண்டும்.

எடுத்து வைக்கும்போதும் விலக்கும்போதும்

ஆறு மாதத்திற்கு ஒருமுறை விரிப்பைத் தலைமாற்றிப் போட்டால் தேய்மானமும் வெயிலில் நிறம் மங்குவதும் சமமாகும். அப்போது கம்பளி விரிப்பின் அடியிலும் ஓரங்களிலும் அந்துப்பூச்சியின் புழுவோ கம்பள வண்டின் புழுவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பள வண்டுப் புழுவின் நுண்மயிர்களே சிலருக்குத் தோல் தடிப்பையும் தும்மலையும் தரும். சோபாவுக்கு அடியில் யாரும் மிதிக்காத இருண்ட பகுதியே அவை விரும்பும் இடம். நெடுநாள் எடுத்து வைப்பதானால், நன்கு சுத்தப்படுத்தி முழுவதும் உலர்ந்த பிறகு, மடிக்காமல் சுருட்டிப் பருத்தித் துணியால் சுற்றி, தரையில் படாமல் உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்துவிடும்.

சில விரிப்புகளைக் காப்பாற்ற முயலாமல் விலக்கிவிடுவதே நல்லது. வெள்ளத்திலோ கழிவுநீரிலோ நனைந்தவை, பூஞ்சை வாடை கழுவி உலர்த்திய பின்னும் நீங்காதவை, பின்புறப் பசை பொடியாகத் தொடர்ந்து உதிர்பவை ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றை அறையிலேயே உருட்டினால் வித்தும் தூசியும் வீடெங்கும் பரவும். எனவே விரிப்பின் மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் தாளைப் போட்டு, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, இரு முனைகளையும் கட்டி வெளியேற்ற வேண்டும். அது கிடந்த தரையை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்ததை உறுதிசெய்த பின்னரே அந்த இடத்தில் புதிய விரிப்பைப் போட வேண்டும்.